நாற்பதுக்குப் பிறகு ஒரு மிருதங்கம்

நடுவயதில் தாள வாத்தியம் பழகத் தொடங்கியவர்களும், தொடங்கலாமா என்று தயங்கி நிற்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கச்சேரி வித்துவான் அல்லன். 41 வயதில் முதன்முதலாக மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தவன். இப்போது மாலை நேரங்களில் என்னைப் போலவே தாமதமாக வந்தவர்களுக்கு ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக்கொடுப்பவன். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி கற்றது, மீதி பட்டது.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 46, வங்கியில் வேலை பார்க்கிறேன். பள்ளி நாள்களில் மேசையில் தாளம் போட்டு வாத்தியாரிடம் அடி வாங்கியவன். மிருதங்கம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் ஓர் ஆசிரியரிடம் போனேன். "விரல் முற்றிவிட்டது, இனி வளையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது உண்மைதானா? – வாசகர், திருச்சி

பதில்: முற்றிப்போவதற்கு விரல் என்ன முருங்கைக்காயா? பத்து வயதில் தொடங்கியவருடைய வேகமும் தெளிவும் 46 வயதில் தொடங்குபவருக்கு வராது என்பது உண்மை. ஆனால் நீங்கள் கேட்பது அந்த வேகத்தை அல்லவே. ஒரு கீர்த்தனைக்கு நடை பிசகாமல், பாடுபவருக்கு இடையூறு இல்லாமல் வாசிக்கும் அளவுக்குப் பெரியவர்களின் விரல்கள் தாராளமாக வளையும். அதைச் செய்பவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

பெரியவர்களுக்கு உள்ள சிக்கல் விரலில் இல்லை, தலையில் இருக்கிறது. முதல் பாடம் "த தி தொம் நம்" என்ற நான்கு சொற்கள். ஒன்றாம் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், தட்டுக்கு ஒரு சொல், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இதைப் புரிந்துகொள்ள உங்களைப் போன்ற ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். கைக்கு வருவதற்கு ஐந்து வாரம் ஆகும். பத்து வயதுப் பையனுக்கு இந்த இடைவெளி தெரிவதில்லை. அவன் புரியாமலேயே தட்டிக்கொண்டிருப்பான், புரியும்போது கையும் வந்து சேர்ந்திருக்கும். பெரியவரோ இரண்டாம் வாரமே, "இது தெரிந்துவிட்டது, அடுத்த பாடம் என்ன?" என்று கேட்கிறார். தெரிந்தது அவருக்குத்தான், அவருடைய மோதிர விரலுக்குத் தெரியவில்லை.

மோதிர விரல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. "நம்" என்ற சொல்லை வாசிக்கும்போது ஆள்காட்டி விரல் வலது பக்கத் தோலான வலந்தலையின் ஓரத்தில் அடிக்கிறது. மோதிர விரல் அதன் நடுவே உள்ள கறுப்பு வட்டமான கரணையின் விளிம்பில் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தினால் நாதம் செத்துவிடும், எடுத்துவிட்டால் சுருதி சேராத வேறொரு ஒலி எழும். இலை மேல் ஓர் எறும்பு நிற்பதுபோல நிற்க வேண்டும் என்பார் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். முதல் ஒன்றரை மாதம் என் வீட்டில் "நம்" கேட்கவில்லை, கதவைத் தட்டுவதுபோல ஓர் ஓசைதான் கேட்டது; என் மனைவி இரண்டு முறை எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பார்த்தார். பிறகு ஒருநாள் காலையில், ஏன் என்று தெரியாமலேயே, மணி அடித்ததுபோல அந்த நாதம் எழுந்தது. அடுத்த அடியில் காணாமல் போனது. மறுபடியும் பிடிபட நான்கு நாள் ஆயிற்று.

வேறோர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பாடம் எடுத்த பழக்கம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தேர்ந்தவராக இருந்தும், பெரியவர்கள் கேட்கும் "ஏன்" என்ற கேள்விக்கு எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. அரசு இசைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சேர்க்கைக்கு வயது வரம்பு இருப்பதால், உங்களுக்குத் தனி ஆசிரியரே வழி. நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பது பல மடங்கு பயன் தரும்.

கேள்வி: நான் 34 வயதுப் பெண், மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். டிரம்ஸ் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம். எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினால் சத்தப் பிரச்சினை இராது என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா? டிரம்ஸ் தேர்வு எழுதலாமா? – வாசகி, தாம்பரம்

பதில்: கடைக்காரர் சொன்னது முக்கால் பங்கு உண்மை. எலெக்ட்ரானிக் டிரம்ஸில், அதிலும் வலைத்துணி போன்ற மெஷ் பரப்பு கொண்டவற்றில், குச்சி விழும் ஓசை பக்கத்து அறையைத் தாண்டாது. மீதி ஒலியெல்லாம் உங்கள் ஹெட்போனுக்குள் அடங்கிவிடும். அவர் சொல்லாமல் விட்ட கால் பங்கு உங்கள் வலது காலுக்கு அடியில் இருக்கிறது. பேஸ் டிரம்முக்கான பெடலை மிதிக்கும்போது எழும் அதிர்வு காற்றின் வழியே போவதில்லை, தரையின் வழியே இறங்குகிறது. உங்களுக்கு ஒன்றுமே கேட்காது; இரண்டாம் தளத்தில் இருப்பவருக்குத் தலைக்கு மேல் யாரோ உலக்கையால் மாவிடிப்பதுபோல இருக்கும். ரப்பர் விரிப்பு ஓரளவு உதவும். அதைவிட நல்ல வழி, இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து ஒரு மேடை செய்து, அதன்மேல் முழு டிரம்ஸையும் வைப்பது. உலகமெங்கும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் டிரம்ஸ் கலைஞர்கள் தச்சரை வைத்துச் செய்துகொள்ளும் எளிய ஏற்பாடு இது.

ஆனாலும் எடுத்த எடுப்பில் அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு ரப்பர் பயிற்சிப் பலகையும், ஒரு ஜோடி குச்சியும், கைபேசியில் சீரான வேகத்தில் தட்டிக்காட்டும் ஒரு மெட்ரோனோமும் போதும். குச்சிகளில் 5ஏ என்பது பொதுவான அளவு, 7ஏ அதைவிட மெல்லியது. கடையில் இரண்டையும் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். குச்சியின் அடிப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களைத் தளர்த்தினால், ஒருமுறை விழுந்த குச்சி தானாகவே எழும். அந்த எழுச்சியைத் தடுக்காமல் இருப்பதுதான் முதல் பாடம். பெரியவர்கள் பேருந்தின் மேல்கம்பியைப் பிடிப்பதுபோலக் குச்சியை இறுக்கிப் பிடிப்பார்கள், அரைமணி நேரத்தில் முன்கை கடுத்துப்போய் எழுந்துவிடுவார்கள்.

ஒற்றை அடி, இரட்டை அடி, பிறகு பாரடிடில் எனப்படும் "வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது" என்ற வரிசை ஆகியவற்றை நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில், ஓர் அடியும் பிசகாமல் ஐந்து நிமிடம் உங்களால் வாசிக்க முடிகிற நாளில் கடைக்குப் போங்கள். அதற்குள் ஆசை தணிந்துவிட்டால் பெருந்தொகை மிச்சம்; தணியாவிட்டால் எதை வாங்குவது என்ற தெளிவு வந்திருக்கும்.

பயிற்சிக் கூடத்தில் உண்மையான டிரம்ஸை வாசிக்கும்போது காதடைப்பான் இல்லாமல் உட்காராதீர்கள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது வேலையிடங்களில் செவியைக் காப்பதற்காக அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு. மூடிய அறையில் டிரம்ஸின் ஒலி 100 டெசிபலை எளிதாகத் தொடும். அந்தக் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான். இழந்த செவித்திறன் திரும்பி வராது.

தேர்வு எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் டிரம் கிட் தேர்வுகள் தொடக்க நிலையிலிருந்து எட்டாம் நிலைவரை இருக்கின்றன, வயது வரம்பு கிடையாது. எழுதலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளுடன் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கக் கூச்சப்படக் கூடாது.

கேள்வி: என் மகள் வாய்ப்பாட்டு கற்கிறாள், 5 கட்டை சுருதியில் பாடுகிறாள். அவளுக்கு வாசிக்கலாம் என்று நானும் மிருதங்கம் கற்கத் தொடங்கியிருக்கிறேன். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? – வாசகர், கும்பகோணம்

பதில்: நல்ல நோக்கம், அதைவிட நல்ல கேள்வி. நம்மில் பலர் வாத்தியத்தை வாங்கிவிட்டுத்தான் சுருதியைப் பற்றி யோசிக்கிறோம். மிருதங்கத்துக்கு ஒரே சுருதிதான். கட்டை என்ற சுருதி அளவில் அரைக் கட்டை, முக்கால் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். 5 கட்டை மிருதங்கத்தை 1 கட்டைக்குக் கொண்டுவர முடியாது. பெண் குரலுக்கு ஏற்ற ஹெச்சு சுருதி மிருதங்கம் ஏறக்குறைய 22 அங்குல நீளமும், ஆண் குரலுக்கு ஏற்ற தக்கு சுருதி மிருதங்கம் ஏறக்குறைய 24 அங்குல நீளமும் இருக்கும். உங்கள் தேவை முதலாவது. மகளுக்குக் குரல் முதிரும்போது சுருதி சற்று மாறக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மிருதங்கத்தின் உடல் பலா மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வழியில்லை என்பதால், தூக்கிப் பாருங்கள். மிக இலேசாக இருந்தால் இளமரமாகவோ அதிகமாகக் குடையப்பட்டதாகவோ இருக்கலாம். விரிசலை மறைக்கப் பூசிய மெழுகு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். தோல் வாரால் இழுத்துக் கட்டியது வேண்டுமா, போல்ட் நட் வைத்தது வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வார் பிடித்ததில் நாதம் கூடுதல் என்பவர்கள் பக்கம்தான் என் காதும் இருக்கிறது. ஆனால் வாரை இழுத்துக் கட்டத் தனி ஆள் தேவை, போல்ட் நட்டை நீங்களே ஒரு ஸ்பானரால் திருகிக்கொள்ளலாம். கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம்தான். தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்பவர்கள் இருக்கும் ஊர் அது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு வாத்தியம் செய்துகொடுத்த பர்லாந்து அவ்வூர் மரபில் வந்தவர்தான். நீங்கள் வாருக்கே போகலாம்.

கரணையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலந்தலையின் நடுவே தெரியும் அந்தக் கறுப்பு வட்டம் வெறும் அலங்காரம் என்று நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். கிட்டான் கல்லைப் பொடித்துச் சலித்து, குழைய வடித்த சோற்றுடன் பிசைந்து, சிறிது சிறிதாக வைத்துத் தேய்த்துத் தேய்த்து, அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். வெறும் தோலைத் தட்டினால் வருவது இரைச்சல். அதன் நடுவே இந்தப் பாரம் ஏறிய பிறகுதான் தம்பூராவோடு ஒட்டிநிற்கும் நாதம் வருகிறது. இந்த வித்தையின் இயற்பியலை 1920இல் சுருக்கமாகவும் 1934இல் விரிவாகவும் எழுதியவர் சர் சி. வி. ராமன். கரணையால் பாரம் ஏறிய தோல், தந்தி வாத்தியங்களைப் போலவே இசைவான மேற்சுரங்களை எழுப்புகிறது என்று அவர் காட்டினார். சோற்றையும் கல்லையும் வைத்து இதைக் கண்டுபிடித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த வரிசையில் இன்றும் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர்களையும் நாம் கேட்பதில்லை. உங்களுக்குச் செய்துகொடுப்பவரின் பெயரையாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் கரணை தேயும், பொரியும். அப்போது அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

வாங்கும்போது சுருதிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். வலந்தலையைச் சுற்றி வார் கோக்கும் 16 கண்கள் இருக்கும். ஒவ்வொரு கண்ணுக்கு நேராகவும் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி பேசுகிறதா என்று கேளுங்கள். ஓரிடம் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில், தோலின் விளிம்பைச் சுற்றிப் பின்னிய மூட்டின்மேல் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் ஏறும், கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். கடைக்காரர் இதை உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒருமுறை பார்த்தால் பாதி பயம் போய்விடும். இடது பக்கத் தோலான இடந்தலையில் ரவையை நீர் விட்டுப் பிசைந்து வைத்து, வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துத் தோலைத் துடைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் தோலும் கெடும், கரப்பான் பூச்சியும் வரும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக மிருதங்கம் பழகுகிறேன். பாடம் எல்லாம் கை வந்துவிட்டது. ஆனால் பாட்டுக்கு வாசிக்கும்போது ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கும் தீர்மானம் வைத்தால், தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து சேர்வதில்லை, எங்கேயோ தவறிவிடுகிறது. வயதானதால் கவனம் குறைந்துவிட்டதா? – வாசகர், திருநெல்வேலி, வயது 55

பதில்: கவனம் குறையவில்லை, கணக்கைக் கையிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். கைக்குக் கணக்குத் தெரியாது, வாய்க்குத் தெரியும். மிருதங்கத்தை ஒரு மாதம் உறையில் போட்டு வையுங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், ஆனாலும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை; அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. மிக எளிய தீர்மானம் "ததிங்கிணதொம்" என்ற ஐந்தெழுத்துச் சொற்கட்டை மூன்று முறை சொல்வது. அது 15 மாத்திரை. 32இல் 15 போனால் 17. அதாவது தாளத்தின் முதல் பகுதியான லகுவின் நான்கு அட்சரமும் முடிந்து, அடுத்த பகுதியான முதல் த்ருதத்தின் தட்டு விழுந்த பின், ஒரே ஒரு மாத்திரை விட்டு, அடுத்த மாத்திரையில் எடுக்க வேண்டும். அந்த ஒரு மாத்திரையில்தான் நீங்கள் தவறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தட்டோடு சேர்த்து எடுக்கக் கை துடிக்கும். எடுத்தால் ஒரு மாத்திரை முன்னதாகவே முடிந்து, பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, "தகதிமி தகதிமி தகதிமி தகதிமி" என்று நான்கு அட்சரம் வாயால் சொல்லி, ஐந்தாவது தட்டில் "த" என்று ஒரு மாத்திரையைத் தொட்டுவிட்டு, உடனே "ததிங்கிணதொம் ததிங்கிணதொம் ததிங்கிணதொம்" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி "தொம்" முடிந்த மறுகணம் சமத்தின் தட்டு விழ வேண்டும். முதல் நாள் விழாது. குளிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லுங்கள். பேருந்தில் சொல்லும்போது மட்டும் உதட்டை அசைக்காதீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா எழுந்து வேறு இருக்கைக்குப் போனதுண்டு. இப்படித் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் தனிக் கலையாக வளர்ந்திருப்பது வேறு விஷயம், உங்களுக்கு அது மருந்து. வாயில் நூறு முறை சமத்துக்கு வந்த தீர்மானம் கையில் தவறாது.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். வலக்கையால்தான் மிருதங்கம் கற்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். வேறு வழியில்லையா? – வாசகர், ஈரோடு

பதில்: வழி இருக்கிறது, அந்த வழியில் நடந்த மேதையும் இருக்கிறார். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கை வாசிப்பாளர். மிருதங்க உலகம் இன்றும் அவருடைய தொப்பி எனப்படும் இடந்தலையின் நாதத்தைப் பேசிக்கொண்டிருக்கிறது. வலந்தலை சபையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால், இடக்கையால் வாசிப்பவர் மேடையில் பாடகருக்கு மறுபக்கம் உட்கார வேண்டியிருக்கும், அதனால் வயலின்காரரும் இடம் மாற வேண்டியிருக்கும். மேடைக்குப் போகும் எண்ணம் இல்லாத உங்களுக்கு அதுவும் ஒரு தடையன்று. மேலும் ஆசிரியரைப் பார்த்துப் பாவிக்கும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல இருப்பதால் அது ஒருவகையில் சுலபமாகக்கூட இருக்கும் என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்காக அமைத்த டிரம்ஸிலேயே வாசித்தார், அதனாலேயே அவர் உருட்டும் உருட்டுகளுக்கு ஒரு தனிச் சாயல் வந்தது. இரண்டு விதமாகவும் ஒவ்வொரு மாதம் வாசித்துப் பாருங்கள். எது தூக்கத்தில் தானாக வருகிறதோ அதுவே உங்கள் கை.

கேள்வி: தரையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் மூட்டு வலிக்கிறது. வாசித்து முடித்தபின் விரல்கள் மரத்துப்போகின்றன. விட்டுவிடவா? – வாசகி, மதுரை, வயது 60

பதில்: இரண்டும் வேறு வேறு. முதலாவதற்கு எளிய தீர்வு உண்டு. வலது காலைச் சற்று முன்னே நீட்டி, அதன்மேல் வாத்தியம் அமர உட்காருவது மரபு. அது முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மிருதங்கத்தை அதற்கென்று செய்த தாங்கியில் வைத்து வாசிக்கலாம். தோள் தொங்கவும் முழங்கை மடியவும் இடம் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். "நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பது அபசாரம்" என்று யாராவது சொன்னால், உங்கள் மூட்டை ஒரு வாரத்துக்கு அவரிடம் இரவல் கொடுக்க முடியாது என்று சொல்லுங்கள்.

மரத்துப்போவதை அப்படி விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. விரல் நுனி கன்றிப் போவதும் தோல் தடிப்பதும் இயல்பு. உணர்வு மங்குவதும், இரவில் ஊசி குத்துவதுபோல இருப்பதும் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டு வாரம் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். திரும்பத் தொடங்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை எடுத்து உதறிவிடுங்கள். பலத்தை எல்லாம் அடியில் காட்டாதீர்கள். நாதம் அடியின் பலத்தால் வருவதில்லை, விரல் எவ்வளவு விரைவாகத் தோலைவிட்டு விலகுகிறது என்பதால் வருகிறது.

கேள்வி: அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன், வயது 39. வார இறுதியில் பறை கற்கப் போகிறேன். வீட்டில், "வேறு வாத்தியமே கிடைக்கவில்லையா?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? – வாசகர், விழுப்புரம்

பதில்: அந்தக் கேள்வி வாத்தியத்தைப் பற்றியதன்று, சாதியைப் பற்றியது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கிவைத்த பறையைத் தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாக, தெய்வத்துக்கும் உணவுக்கும் யாழுக்கும் இணையாக வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய பறை உண்டு. வீட்டில் மிருதங்கம் வாங்கியிருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். அதுவும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும்தான். அதைப் பதப்படுத்தி மூட்டுகிற கைகளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களின் கைகள்தான். இதைச் சண்டைக்காகச் சொல்லாதீர்கள், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொல்லுங்கள்.

வாசிப்பைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு. வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சி. தொடக்கக்காரர்கள் அடிக்குச்சியிலேயே மயங்கி நிற்பார்கள். அடியை அலங்கரித்து நடையாக்குவது சிம்புக்குச்சிதான். இடக்கைக்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள். தோலைத் தீயில் காய்ச்சி ஏற்றும்போது அவசரப்பட்டு நெருங்கிப் பிடித்தால் கிழிந்துபோகும். மெல்லிய அனலில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்று, ஆடி வாசிக்கும் வாத்தியம் என்பதால், நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அதில் வேறொரு நன்மையும் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். சென்னையில் உள்ள ஆசிரியரிடம் காணொளி வழியாக மிருதங்கம் கற்கிறேன். அவர் தாளம் போட நான் வாசித்தால் எப்போதும் நான் பிந்துவதாகச் சொல்கிறார். எனக்கோ சரியாக வாசிப்பதாகத் தோன்றுகிறது. – வாசகர், சிங்கப்பூர்

பதில்: இருவர் சொல்வதும் சரி. அவருடைய தட்டு உங்களை வந்தடைய ஒரு நொடியில் ஒரு பங்கும், உங்கள் அடி அவரைச் சென்றடைய இன்னொரு பங்கும் கழிகின்றன. எவ்வளவு நல்ல இணைய இணைப்பிலும் இந்தத் தாமதம் முழுவதும் மறைவதில்லை. கால் மாத்திரை பிசகினாலும் தெரிந்துவிடும் கலையில் அது பெரிய இடைவெளி. ஆகவே காணொளி வகுப்பில் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முயலவே கூடாது. அவர் வாசித்துக்காட்ட வேண்டும், நிறுத்த வேண்டும். நீங்களே தாளக் கருவியை உங்கள் அறையில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். செயலியின் இரைச்சல் நீக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அது மிருதங்கத்தை இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். உங்கள் "தொம்" அவருக்குக் கேட்காமலே போயிருக்கும். குளிர்சாதன அறையில் தோல் காய்ந்து சுருதி ஏறும், வெளியே எடுத்துப்போனால் ஈரக்காற்றில் இறங்கும். எந்த அறையில் வாசிக்கிறீர்களோ அந்த அறையில் அரைமணி நேரம் வைத்த பிறகே சுருதி சேருங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் பழகுகிறேன், வயது 58. எங்கள் தெரு பஜனை மடத்தில் மார்கழிக்கு வாசிக்க அழைக்கிறார்கள். ஆசிரியர், "போகலாம்" என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போகட்டுமா? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: போங்கள். பஜனையில் உங்களிடம் எதிர்பார்ப்பது சர்வலகு என்ற எளிய, சீரான நடையைத்தான். அதை இழுக்காமலும் ஓடாமலும் வைத்திருந்தால் போதும். பாடகரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய தாளம் போடும் கையைப் பாருங்கள். முகத்தைப் பார்த்தால், அவர் ஏதோ நினைத்துச் சிரிக்கும்போதெல்லாம் நம்மைத்தான் என்று தோன்றும். முதல் வாரம் ஒரு தீர்மானமும் வைக்காதீர்கள். கைகள் கேட்கும், கொடுக்காதீர்கள். எல்லாரும் கைத்தாளம் தட்டிக்கொண்டு வேகத்தை ஏற்றும்போது கூடவே ஏறுங்கள், தனியாக நின்று காலப்பிரமாணத்தைக் காப்பாற்ற அது கச்சேரி அன்று. விடியற்காலையில் பனி ஈரத்தில் தோல் தளர்ந்திருக்கும் என்பதால் கல்லைக் கையோடு எடுத்துப்போங்கள். சிறு டப்பாவில் ரவையும் ஒரு குப்பியில் தண்ணீரும் வேண்டும். எனக்கு முதல் நாள் ரவை மறந்துபோய், மடத்துச் சமையலறையில் உப்புமாவுக்காக வறுத்து வைத்திருந்ததில் ஒரு பிடி கேட்டு வாங்கினேன். வறுத்த ரவை ஒட்டவே ஒட்டாது.